எதிர்ப்பக்கத்து மண்

அன்று அலுவலக அறையில் இருந்தவர்களையும் அவர்கள் உட்கார்ந்த இடங்களையும் முதலில் சொல்லிவிடுகிறேன். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று தெரியாமல் எங்கள் வீட்டு விஷயம் எதுவும் விளங்காது.

மேசைக்குப் பின்னால், சக்கரம் வைத்த நாற்காலியில் அத்தான். நாற்றுப்பண்ணை அவருடையது. அவருக்கு வலப்பக்கம் அலமாரியில் சாய்ந்தபடி ஸ்டூலில் என் அக்கா, அதாவது அவர் மனைவி. வலது மணிக்கட்டில் துணிப்பட்டை சுற்றியிருந்தது. மேசைக்கு முன்னால், வருகிறவர்களுக்கான நாற்காலியில், ஆய்வுக்கூடத்து மேடம். நாங்கள் சோதனைக்கு அனுப்பிய வேர்களைப் பார்த்துவிட்டு நேரில் வந்திருந்தார். ஜன்னல் திட்டில், ஒரு கால் தரையிலும் ஒரு கால் ஆடிக்கொண்டுமாக அத்தானின் தங்கை, அக்காவுக்கு நாத்தனார். கதவருகே, உட்காரச் சொல்லியும் உட்காராமல், டிரம்காரர். நான் ஓரத்து மேசையில், தாள், பேனா, பசை, தபால்தலை இழுப்பறை சகிதமாக. பண்ணையின் கடிதங்களை எழுதுவது என் வேலை.

வராதவர் ஒருவர்: நாத்தனாரின் கணவர். அவர் வெகுதூரத்தில் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் அவருடைய பழத்தோட்டம், அதன் ஓரத்தில் காற்றுத் தடுப்புக்காக யாரோ எப்போதோ நட்ட பெரிய பைன் மரங்கள், அவற்றின் நிழலில் தேனீப் பெட்டிகள். பெட்டிகளுக்கு நடுவே அவர் குனிந்து நின்றுகொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் அவரைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

அத்தானும் அவரும் பேசிக்கொள்வதில்லை. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் கடிதம்தான். அது தபால்காரர் சைக்கிளில் நகரத்துக்குப் போய், முத்திரை வாங்கி, பிரித்து அடுக்கப்பட்டு, அதே சைக்கிளில் திரும்பி வந்து எதிர் கேட்டில் இறங்கும். ஒருமுறை தபால்காரர், “இங்கேருந்து சத்தம் போட்டா அங்க கேக்குமே சார்” என்று சொல்லிப் பார்த்தார்.

“சத்தம் போட்டுப் பாத்தாச்சு. அதுக்கப்புறம்தான் கடுதாசி” என்றார் அத்தான்.

நாத்தனார் தினமும் காலையில் இங்கே வந்து அக்காவுக்கு ஒத்தாசை செய்துவிட்டுப் போகிறவர். அவரிடமே சொல்லி அனுப்பலாமே என்று யாருக்கும் தோன்றும். சண்டை நடந்த அன்றே அவர் அந்த வழியை அடைத்துவிட்டார். ஒருத்தர் பேச்சை இன்னொருத்தரிடம் தூக்கிக்கொண்டு போகிற வேலை தனக்கு வேண்டாம், அதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் இருக்கிறார் என்றார். சொன்னபடியே நடந்தார். இங்கே நடப்பதெல்லாம் அவருக்குத் தெரியும், அங்கே நடப்பதெல்லாம் தெரியும், சாலையைக் கடக்கும்போது வாய் மட்டும் காலியாக இருக்கும். அவருடைய அந்த உறுதியை இரண்டு ஆண்களும் மெச்சிக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் அது பெரிய இடைஞ்சலாகவும் இருந்தது.

சண்டை தேனீயால் வந்தது. அப்போது பெட்டிகள் எங்கள் பண்ணையின் பின்சுவர் ஓரமாக இருந்தன. ஒரு காலையில் அத்தான் பூச்சிமருந்து அடித்தார். பூசணி நன்றாகப் பூத்திருந்த நேரம். மத்தியானம் பெட்டிகளின் முன்னால் தேனீக்கள் குவியலாகக் கிடந்தன. துடைப்பத்தால் தள்ள வேண்டியிருந்தது. மாப்பிள்ளை துடைப்பத்தோடு வந்து கேட்டார். அத்தான், “நாலு ஈ செத்ததுக்கு ஏன்யா ஊரைக் கூட்டுற?” என்றார். அன்று சாயங்காலமே மிச்சமிருந்த பெட்டிகள் சாலையைக் கடந்தன. எதிரில் இருந்த தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து அங்கேயே குடியும் போய்விட்டார்கள். அதுவரை ‘மாப்பிள்ளை’ என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அத்தான் அதன் பிறகு அவரை ‘எதிர்ப்பக்கம்’ என்று மட்டும் குறிப்பிட்டார்.

தேனீ போனதும் பூசணி காய்ப்பதை நிறுத்திக்கொண்டது. அத்தான் அசரவில்லை. பூச்சி வராமல் பூசணிக்கு வலைக்கூடம் போட்டு, ஓவியம் வரைகிற தூரிகைகள் வாங்கி வந்தார். அன்று முதல் அக்கா விடியும் முன்பே வலைக்கூடத்துக்குள் போய், ஆண்பூவில் தூரிகையைத் தொட்டுப் பெண்பூவில் தடவிக்கொண்டு வருகிறாள். முன்பெல்லாம் பூ காலை முழுக்கத் திறந்திருக்கும், நிதானமாகச் செய்யலாம். இப்போது வெயில் அடிக்கிற அடியில் சீக்கிரமே சுருண்டுவிடுகிறது. ஆகவே அக்கா ஓடுகிறாள். மணிக்கட்டுப் பட்டைக்குக் காரணம் அதுதான். தூரிகைதான் உத்தமம் என்பது அத்தானின் கட்சி. அது கொட்டாது, பறந்து போகாது, மருந்தடித்தாலும் சாகாது.

பிறகு போன வருடம், மழை வரக்கூடாத மாதத்தில் வந்து நின்று பெய்தது. தட்டுகளில் இருந்த நாற்றெல்லாம் தண்டடியில் அழுகிச் சாய்ந்தது. பூஞ்சை என்றார்கள். அத்தான் அந்தச் சொல்லை மறக்கவே இல்லை. ஒரு பெரிய இரும்பு டிரம் வாங்கி, கீழே அடுப்பு வைத்து, பண்ணைக்கு வருகிற மண் முழுவதையும் ஆவியில் வேகவைக்க ஆரம்பித்தார். அதற்கென்றே ஓர் ஆளை வைத்தார், அவர்தான் டிரம்காரர். ஒவ்வொரு வாசலிலும் மருந்துத் தண்ணீர் நிரப்பிய தகரத்தட்டு வைக்கப்பட்டது. உள்ளே வருகிறவர் செருப்புக் காலோடு அதில் நின்றுவிட்டு வர வேண்டும். வெளியே போகும்போதும் அப்படியே. வாரம் தவறாமல் நாற்றுகளுக்குப் பூஞ்சைக்கொல்லி. பண்ணையில் மருத்துவமனை வாசனை அடித்தது.

அப்படி ஒரு சுத்தத்தில்தான் பைன் நாற்று போட்டோம். கோடையில் எரிந்துபோன மலையில் மறுபடி மரம் வைக்க வனத்துறை கேட்டிருந்தது. அத்தான் மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு இதை மட்டும் நம்பினார். மழை தொடங்கும்போது அதிகாரி வந்து பார்ப்பார். நாற்று தேறினால் பண்ணை பிழைக்கும், தேறாவிட்டால் பக்கத்துக் கார் கம்பெனி இந்த இடத்தை வண்டி நிறுத்த எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. அவர்கள் ஆள் அடிக்கடி வந்து, வேலிக்கு வெளியே நின்று, கண்ணாலேயே வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவான்.

நாற்று முளைத்தது. விரல் உயரம் வந்தது. பிறகு வளர மறுத்துவிட்டது. ஊசி இலைகள் மஞ்சளாகி, நுனி ஊதாவாகி, தட்டு தட்டாக அப்படியே நின்றன.

மேடம் இரண்டு தட்டுகளை மேசை மேல் வைத்தார். ஒன்றில் இந்த மஞ்சள் நாற்றுகள். இன்னொன்றில் இருந்தவை நல்ல பச்சை, இரட்டை உயரம். ஒரு மஞ்சள் நாற்றைப் பிடுங்கி, தண்ணீரில் அலசி, வேரை வெள்ளைத் தாளில் விரித்தார்.

“பாருங்க, மொட்டையா இருக்கு. உங்க மண்ணுல ஒண்ணுமே இல்ல” என்றார்.

“சுத்தமா இருக்குங்க மேடம். அள்ளிச் சாப்பிடலாம்” என்றார் டிரம்காரர், கதவருகிலிருந்து, கொஞ்சம் பெருமையாக.

“நீங்க சாப்பிடலாம். செடி சாப்பிட முடியாது.”

அதன் பிறகு அவர் விளக்கியதை என் வார்த்தையில் எழுதுகிறேன். பூஞ்சை என்பது ஒரே சாதி இல்லை. அழுக வைக்கிறதும் உண்டு, வேரோடு குடித்தனம் நடத்துகிறதும் உண்டு. பைன் மரத்தின் வேர் தனியாக ஒன்றும் பெரிதாகச் சாதிக்காது. அதன் நுனியில் ஒரு பூஞ்சை உறை மாதிரிச் சுற்றிக்கொண்டு, நூலிழைகளை மண்ணுக்குள் தூரதூரமாக அனுப்பி, தண்ணீரும் மணிச்சத்து என்கிற பாஸ்பரஸும் கொண்டுவந்து கொடுக்கும். மரம் பதிலுக்கு இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கீழே அனுப்பும். இந்த ஏற்பாடு இல்லாத பைன் நாற்று எங்கள் நாற்று மாதிரிதான் இருக்கும். அழுக வைத்த பூஞ்சையை ஒழிக்கப் போய் நாங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வேகவைத்துவிட்டோம். காற்றில் வந்து விழுந்திருக்கக்கூடியதையும் வாராவாரம் மருந்தடித்துக் கொன்றோம்.

அத்தான் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். உரத்தைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுப் பச்சையாக்கிவிட்டால் என்ன என்று கேட்டார்.

“ஆகும். அதிகாரி பாக்குறப்போ பச்சையாத்தான் இருக்கும். மலைக்குப் போய்ச் சாகும்.”

எரிந்த மலையில் நெருப்பு மண்ணுக்குள் வரைக்கும் இறங்கியிருந்தது. அங்கேயும் மண் வெந்துவிட்டது என்றார். நாங்கள் டிரம்மில் செய்ததை மலை தன் போக்கில் செய்துவிட்டிருந்தது. ஆகவே பூஞ்சை அங்கே காத்திருக்காது. நாற்று தன் வேரிலேயே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

“பூஞ்சையை விரட்டத்தான் இத்தனை பாடுபட்டேன். இப்ப அதையே வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணுமா?” என்றார் அத்தான்.

“எங்கிருந்து அழைக்கிறதுன்னுதான் பாக்கணும்” என்ற மேடம் பச்சைத் தட்டைத் தட்டினார். “இது மட்டும் நல்லா இருக்கே. எங்க வெச்சிருந்தீங்க?”

பக்கவாசல் ஓரத்தில் இருந்த தட்டு என்றேன். அந்த வாசலை யார் உபயோகிப்பது என்று கேட்டார். எல்லோரும் ஜன்னல் திட்டைப் பார்த்தோம். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

நாத்தனாருக்கு மருந்துத் தண்ணீரில் நின்றால் பாதம் வெடிக்கிறது. அதனால் அவர் பக்கவாசல் வழியாகத் தகரத்தட்டைத் தாண்டிக் குதித்து வருவார். வந்ததும் செருப்பைக் கழற்றி, ஒட்டியிருக்கிற மண்ணைக் கைக்கு எட்டிய நாற்றுத் தட்டின் விளிம்பில் தட்டிவிட்டு உள்ளே வருவார். தினமும் அதே தட்டு. அவர் நடந்து வருகிற பாதை அவர்கள் தோட்டத்துப் பைன் மரங்களுக்கு அடியில்.

“எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன், தாண்டாதேன்னு” என்றார் அத்தான்.

“அதான் ஒரு தட்டாவது பொழச்சுது” என்றாள் அக்கா.

மேடம் பச்சை நாற்று ஒன்றின் வேரை அலசிக் காட்டினார். நுனிகள் தடித்து, கவை கவையாகப் பிரிந்து, மேலே பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. அத்தான் அதைத் தொடப் போய்க் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பழக்கம்.

இந்த ஒரு தட்டு மண் எல்லா நாற்றுக்கும் போதாது. எதிர்த் தோட்டத்துப் பைன் மரத்தடியிலிருந்து மூட்டை மூட்டையாக மண் வேண்டும். அதில் கெட்ட பூஞ்சை எதுவும் சேர்ந்து வரவில்லையா என்று தான் முதலில் சோதித்துவிடுவதாக மேடம் சொன்னார். தட்டுக்கு ஒரு கைப்பிடி. சீக்கிரம் கலந்தால் மழைக்குள் வேர் பிடித்துவிடும். தாமதித்தால் தனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு அத்தான் என் பக்கம் திரும்பி, “எழுது” என்றார்.

எப்போதும் போலத் தேதி, அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாகப் போட்டேன். ‘ஐயா’ என்று ஆரம்பித்தேன். அத்தான் சொல்லச் சொல்ல எழுதினேன். அந்த வரைவு இப்படி இருந்தது: ‘தங்கள் தோட்டத்தில் பைன் மரங்களுக்கு அடியில் தேவையற்ற மண்ணும் சருகும் சேர்ந்து இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. அண்டை வீட்டார் என்ற முறையில் அவற்றை எங்கள் செலவில் அப்புறப்படுத்தித் தர முன்வருகிறோம்.’

படித்துக் காட்டினேன். நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“என்ன சிரிப்பு?”

“ஒண்ணுமில்லண்ணே. உன் மண்ணு, உன் கடுதாசி.”

“எதிர்ப்பக்கம் என்ன பதில் எழுதும்?”

“அதை அவர்கிட்ட கேக்கணும். நான் தபால்காரி இல்ல.”

அடுத்த வரைவில், காற்றில் அந்த மண் சாலைக்கு வருவதால் பொதுமக்களுக்கு இடைஞ்சல் என்று இருந்தது. மேடம், தலையிட வேண்டாமென்று பார்த்தும் முடியாமல், மண்ணைக் கேட்கவே போவதில்லையா என்று கேட்டார். கேட்பது போலத்தான் வந்துகொண்டிருக்கிறது என்றார் அத்தான்.

அப்போது அக்கா பேச்சை மாற்றுகிற மாதிரி நாத்தனாரிடம், முந்தாநாள் கடையில் அத்தனை சர்க்கரை எதற்கு வாங்கினாய் என்று கேட்டாள். வண்டியில் ஏற்றுவதைப் பார்த்தாளாம்.

நாத்தனார் யோசித்தார். அது சேதியா, கடை விஷயமா என்று மனதுக்குள் எடை போடுவது முகத்தில் தெரிந்தது. கடை விஷயம்தான் என்று முடிவு செய்தார் போலிருக்கிறது.

“பாகு காய்ச்சத்தான் அண்ணி. பெட்டி தூக்கினா காத்து மாதிரி இருக்கு. இந்த வருஷம் சூட்டுக்குப் பழமரமெல்லாம் முன்னாடியே பூத்துக் கொட்டிடுச்சு. ஈ முழிச்சு ஆள் சேர்த்துக் கிளம்பறதுக்குள்ள பூ முடிஞ்சுபோச்சு. இப்ப சுத்துவட்டாரத்துல பூவே இல்ல. சர்க்கரைத் தண்ணி வெச்சு உசுரைப் பிடிச்சு வெச்சிருக்கார்.” சற்று நிறுத்திவிட்டு, “இது சர்க்கரையைப் பத்திச் சொன்னது” என்றார்.

அக்கா தன் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தாள். பிறகு பின்பக்கம், வலைக்கூடம் இருக்கிற திசையைப் பார்த்தாள். அங்கே வலைக்குள் பூசணி கூடை கூடையாகப் பூத்துக் கிடந்தது. காலையில் அவளால் பாதிப் பூவைத்தான் தொட முடிந்திருந்தது.

“வலையைத் தூக்கிக் கட்டப் போறேன். நாளைக்கே” என்றாள்.

வலையைத் திறந்தால் பூச்சி வரும், மருந்து அடிக்க வேண்டியிருக்கும், அடித்தால் மறுபடி அதே கதை என்று அத்தான் வரிசையாகச் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

“பூச்சியைக் கையால பொறுக்கிக்கலாம். பூவைக் கையால கட்டிக்கொடுக்க என்னால முடியலங்க. டாக்டர் இந்தக் கையை ஆட்டக் கூடாதுன்னு சொல்லி மாசமாகுது. உங்க தூரிகை நல்லாத்தான் இருக்கு. எனக்குக் கை வேணும்.”

அத்தான் அவள் கையைப் பார்த்தார். பட்டையை அவரும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்கு அதைக் கை என்று பார்த்தார். சக்கர நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து ஜன்னலருகே போனார். தங்கை நகர்ந்து இடம் விட்டார். எதிரே மாப்பிள்ளை ஒரு பெட்டியின் மூடியைத் திறந்து, கிண்ணத்திலிருந்து எதையோ மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தார். குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி இருந்தது.

“புதுத் தாள் எடு” என்றார், திரும்பாமல்.

எடுத்தேன். தேதி போட்டேன். பொருள் என்ன போட என்று கேட்டேன்.

“பொருளெல்லாம் வேண்டாம். மாப்பிள்ளைக்குன்னு போடு.”

போட்டேன். அவர் சொன்னது அத்தனையும் இவ்வளவுதான், ஒரு சொல் கூடுதல் குறைவு இல்லாமல்: ‘நாற்று சாகிறது. உன் பைன் மரத்தடி மண் வேண்டும். அன்றைக்கு மருந்து அடிக்கப் போகிறேன் என்று முதல் நாளே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். உன் பெட்டி திறந்திருந்தது எனக்குத் தெரியும். மருந்தை நிறுத்துகிறேன். நாளைக்கு வலையைத் திறந்துவிடுவோம். உள்ளே பூசணி நிறையப் பூத்திருக்கிறது. உன் ஈயை...’

நிறுத்தினார்.

“தேனீன்னு போடு. உன் தேனீயை அனுப்பு.”

முடிவில் ‘இங்ஙனம், உரிமையாளர்’ என்று போடட்டுமா என்று கேட்டேன். அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்து மட்டும் போட்டார். இந்தக் கடிதத்தின் நகல் கோப்பில் இல்லை. எடுக்கச் சொல்லவும் இல்லை, எனக்கும் தோன்றவில்லை.

மடித்து உறையில் போட்டேன். பசை தடவி, விளிம்பை விரலால் நீவி ஒட்டினேன். அத்தான் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தபால்காரர் காலையில் வந்து போய்விட்டார், இனி நாளைக்குத்தான். நாளைக்கு எடுத்தால் நகரம் போய்த் திரும்பி வர இன்னும் சில நாள் ஆகும். மேடம் மஞ்சள் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அத்தான் தங்கையைப் பார்த்தார். தங்கை கூரையைப் பார்த்தார்.

“ஸ்டாம்பு ஒட்டு” என்று உறையை என்னிடம் நீட்டினார்.

என் இழுப்பறையில் தபால்தலைகள் தாள் தாளாக இருந்தன. பள்ளியில் எங்கள் வாத்தியார் எழுதுகிறவன் கையிருப்பைத் தீர விடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்ததை இன்று வரை மீறியதில்லை.

“தீர்ந்துபோச்சு அத்தான்” என்றேன்.

அவர் இழுப்பறையைப் பார்த்தார். அது பூட்டப்படாதது என்று அவருக்குத் தெரியும். திறக்கவில்லை. உறையைச் சட்டைப்பையில் வைத்தார். டிரம்காரரிடம், மண் போட்டுக் காலியான சாக்குகள் எங்கே என்று கேட்டார். டிரம்காரர் ஓடிப்போய் ஒரு கட்டு கொண்டுவந்தார். துவைத்து, ஆவியில் வேகவைத்த சாக்குகள்தான் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, மேடத்தைப் பார்த்துச் சொல்லாமல் விட்டார். அத்தான் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். பழக்கத்தில் ஒரு காலை மருந்துத் தகரத்தட்டில் வைத்தேவிட்டார்.

“சார்” என்றார் மேடம். “அந்தக் காலோட அந்த மண்ணுல மிதிக்காதீங்க.”

அத்தான் காலை எடுத்தார். செருப்பு இரண்டையும் கழற்றி வாசலில் விட்டார். சாக்கின் நுனியால் ஈரப் பாதத்தைத் துடைத்தார், விரல் இடுக்கு உட்பட. அக்கா குழாயடிச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, மறுபடி கழுவித் துடைத்தார்.

“அண்ணே” என்றார் நாத்தனார் ஜன்னலிலிருந்து. “கேட்டு உள்பக்கமாத் தாழ் போட்டிருக்கும். கம்பி நடுவுல கையை விட்டு இழுக்கணும்.” பிறகு எங்களைப் பார்த்து, “இது சேதி இல்ல, கேட்டு விஷயம்” என்றார்.

அத்தான் வெறுங்காலோடு, சட்டைப்பையில் கடிதத்தோடு, சாலையில் இறங்கினார்.